ஊதிப் பார்ப்பதா, நடந்து பார்ப்பதா?

சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு இன்ஹேலர் பலன் தருகிறதா என்று பார்க்க, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை ஒரு வழி. மூக்கில் கிளிப், வாயில் குழாய், 'ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க' என்ற அதட்டல். அப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்து 400 மைக்ரோகிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதல். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் பலன் என்பது பழைய கணக்கு. 2021இல் அதை மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று ஆறு நிமிட நடை: அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது. 30 மீட்டர் வராந்தா, விரலில் ஆக்சிமீட்டர். முழங்கால் வலி இருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

ஆஸ்துமாவோ என்று சந்தேகம் வந்தால் ஊதல்தான் சரி. சிஓபிடியில் அந்த எண் அசையாமலே, நுரையீரலில் அடைபட்ட காற்று குறைந்து மாடிப்படி ஏறுவது எளிதாகலாம். ஊதல் எண்ணை மட்டும் பார்த்து இன்ஹேலரை நிறுத்தச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.