கடைக்குக் கரண்ட்: பில்லா, ஃப்யூஸா, வயரா?

கடை கட்டும் விளையாட்டு எதுவானாலும் ஒரு கட்டம் வரும். அலமாரிகள் நிறைந்துவிட்டன, கூட்டம் வருகிறது, கையில் காசும் இருக்கிறது. நான்கு ஃப்ரீசர் வாங்கி வரிசையாக நிறுத்துகிறோம். மின்சாரத்தை அந்த விளையாட்டு எவ்வளவு மதிக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

2024 பிப்ரவரியில் வந்த சூப்பர்மார்க்கெட் சிமுலேட்டரில் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாடகை மாதிரி மின்கட்டணமும் ஒரு பில், கட்டினால் தீர்ந்தது. ஃப்ரிட்ஜை எந்த மூலையில் வைத்தாலும் ஓடும், பிளக் பாயிண்ட் தேட வேண்டாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த விளையாட்டின் ருசி விலை வைப்பதிலும் கல்லாவில் சில்லறை எண்ணிக் கொடுப்பதிலும் இருக்கிறது. ஆனால் மின்சாரத்தை நிர்வகிக்கிறோம் என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை, செலவுக் கணக்கில் அது இன்னொரு வரி, அவ்வளவுதான். கரண்டோடு மல்லுக்கட்ட வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து விளையாட்டுகளுக்குத்தான் போக வேண்டும்: சிறை கட்டுவது, தொழிற்சாலை கட்டுவது, நிலத்தடிக் குடியிருப்பு கட்டுவது. அதே நான்கு ஃப்ரீசரை அங்கெல்லாம் சொருகினால் என்ன ஆகும்?

பிரிசன் ஆர்கிடெக்டில் பட்டென்று எல்லாம் அணையும். ஒரு மின் நிலையம், அதிலிருந்து கேபிள்கள். லோடு அளவு மீறினால் நிலையமே ட்ரிப் ஆகிவிடும். விளக்கு, கேமரா, தண்ணீர் பம்பு எல்லாம் ஒன்றாகப் போகும். மருந்து எளிது: நிலையத்தை ஒட்டி கெப்பாசிட்டர் வைத்துக்கொண்டே போனால் கொள்ளளவு கூடும். முதல் தடவை பதறுவோம், அடுத்த தடவையிலிருந்து ஃப்ரீசர் வாங்கும்போதே கெப்பாசிட்டரும் வாங்கிவிடுவோம். அதற்கு மேல் யோசிக்க அதில் அதிகமில்லை.

தொழிற்சாலை கட்டும் சாடிஸ்ஃபாக்டரியும் இதே சாதிதான், ஆனால் குணம் இன்னும் மோசம். தேவை உற்பத்தியைத் தாண்டியதும் ஃப்யூஸ் போய், அந்த மின் வலையில் இருக்கும் அத்தனையும் நிற்கும். நிலக்கரி ஜெனரேட்டர் ஒன்று 75 மெகாவாட் தரும். எட்டு ஜெனரேட்டருக்குத் தண்ணீர் கொடுக்க மூன்று பம்பு வேண்டும், ஒவ்வொரு பம்பும் 20 மெகாவாட் குடிக்கும். அதாவது 600 மெகாவாட் தயாரிக்க 60 மெகாவாட் தண்ணீருக்கே போகிறது. ஃப்யூஸ் போனால் பம்பும் நிற்கும், பம்பு நின்றால் ஜெனரேட்டரை எழுப்ப முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் இலை, மரம் எரித்து ஓடும் 30 மெகாவாட் பயோமாஸ் பர்னர் இரண்டு மூன்றைத் தூக்கிப் போடாமல் ஓரமாக வைத்திருப்பார்கள், பம்பையும் சுரங்க இயந்திரத்தையும் முதலில் உயிர்ப்பிக்க.

இதில் நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். மின் பயன்பாட்டைக் காட்டும் வரைபடத்தில் லோடு குறைவாகத் தெரிந்தது, தாராளமாக இடம் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். உண்மையில் பாதி இயந்திரங்கள் பெட்டி நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தன. பெட்டிகளைக் காலி செய்த மறுநிமிடம் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள, ஃப்யூஸ் காலி. உச்சபட்சத் தேவை என்று தனியாக ஒரு கோடு அதே வரைபடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காதது என் தப்பு. இப்போதெல்லாம் முன்னுரிமை சுவிட்ச் வைக்கிறேன். பற்றாக்குறை வந்தால் முக்கியமில்லாத பகுதியை அது தானே கழற்றிவிடும், பம்பு தப்பிக்கும். கடையாக நினைத்தால் பெயர்ப்பலகை விளக்கு அணையும், ஃப்ரீசர் ஓடும்.

இன்னொரு தொழிற்சாலை விளையாட்டான ஃபேக்டோரியோ எதிர்த் திசை. அங்கே எதுவும் அணையாது, எல்லாம் மெதுவாகும். தேவையில் பாதி மின்சாரம்தான் கிடைக்கிறதென்றால் இயந்திரங்கள் பாதி வேகத்தில் ஓடும். கேட்க நல்ல மனசு மாதிரி இருக்கிறது, இல்லையா? நான்கு விளையாட்டில் என்னை அதிகம் ஏமாற்றியது இதுதான். ஒரு பாய்லர் 1.8 மெகாவாட், அதற்கு 900 கிலோவாட் நீராவி எஞ்சின் இரண்டு, கணக்கு சுத்தம். ஆனால் பாய்லருக்கு நிலக்கரி போடும் இன்செர்ட்டர், அதாவது இயந்திரக் கை, மின்சாரத்தில் ஓடுகிறது. நிலக்கரி தோண்டும் இயந்திரமும் மின்சாரத்தில்தான். கரண்ட் குறைந்தால் இரண்டும் மெதுவாகும், நிலக்கரி குறையும், கரண்ட் இன்னும் குறையும். வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி இப்படியே இறங்கிக்கொண்டு போகும். திரையின் வேறொரு மூலையில் எதையோ கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு, 'ஏன் எல்லாம் இன்றைக்கு மந்தமாக இருக்கிறது?' என்று தோன்றும்போது அநேகமாக நேரம் கடந்திருக்கும்.

பாய்லருக்கு மட்டும் எரிபொருளில் ஓடும் பழைய இன்செர்ட்டரைப் போட்டால் இந்தச் சுழல் பாதி அடங்கும். தூக்கும் நிலக்கரியில் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அது ஓடிவிடும், கரண்டுக்குக் காத்திருக்காது. தோண்டும் இயந்திரத்தின் மந்தம் அப்படியேதான் இருக்கும். சோலாருக்கு மாறினால் நிலக்கரித் தொல்லையே இல்லை, ஆனால் 60 கிலோவாட் பலகை இரவையும் சேர்த்துச் சராசரியாக 42தான் தரும், 25 பலகைக்கு 21 பேட்டரி என்று இடம் அடைக்கும். இடம் தாராளமாக இருக்கிற விளையாட்டில் சரி. கடைக்குள் ஒவ்வொரு சதுரமும் அலமாரிக்கு வேண்டும்.

அப்புறம் நிலத்தடிக் குடியிருப்பு கட்டும் ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட். என் ஓட்டு இதற்குத்தான். மற்றவை 'எவ்வளவு தயாரிக்கிறாய்' என்று கேட்கும், இதுவோ அதைவிட 'எந்த வழியாகக் கொண்டுபோகிறாய்' என்று கேட்கும். சாதாரண வயர் 1 கிலோவாட் தாங்கும், கண்டக்டிவ் வயர் 2, தடித்த ஹெவி-வாட் வயர் 20. மீறினால் ஊர் முழுக்க அணையாது, அந்த வயர் ஒரு இடத்தில் கருகும். ஜெனரேட்டர் எவ்வளவு தருகிறது என்பதை வயர் கண்டுகொள்ளாது, தன் வழியாக நிஜமாக இழுக்கப்படும் லோடை மட்டும்தான் பார்க்கும். ஆகவே முதுகெலும்பாக ஒரு தடித்த வயர், அதிலிருந்து 1 கிலோவாட் டிரான்ஸ்பார்மர் வழியாக ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கிளை என்று பிரிக்கிறோம். டிரான்ஸ்பார்மர் தருவதும் வயர் தாங்குவதும் ஒன்று என்பதால் அந்தக் கிளை கருக வழியே இல்லை. நம் நான்கு ஃப்ரீசர் இங்கே வந்தால் அந்தக் கிளைக்கு மட்டும் கரண்ட் போதாமல் போகும், கல்லாப் பக்கம் தொடர்ந்து ஓடும். எங்கே கோளாறு என்று தேட வேண்டியதில்லை, கண்ணுக்கு நேராகத் தெரியும். ஸ்மார்ட் பேட்டரியையும் சேர்த்தால், நிறைந்ததும் ஜெனரேட்டரை நிறுத்தி, காலியாக ஆரம்பித்ததும் மறுபடி ஓட்டும். நிலக்கரி வீணாகாது.

கடை விளையாட்டுக்கு இதுவே பொருந்தும் என்பேன். நிஜக் கடையிலும் ஏசிக்கு ஒரு லைன், விளக்குக்கு ஒரு லைன் என்றுதானே இழுக்கிறோம். ஒரே சிக்கல், அந்த 20 கிலோவாட் வயர் பார்க்க அசிங்கம், சுற்றியுள்ள இடத்தின் அழகு மதிப்பைக் குறைக்கும். சுவருக்குள் அப்படியே நுழையவும் நுழையாது, தனியாக ஒரு இணைப்புத் தகடு வேண்டும். வாடிக்கையாளர் நடமாடும் கடையில் அதைப் பின்பக்கக் கிடங்கு வழியாகச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும், கிடங்குக்கு முதலில் இடம் விட்டிருந்தால்.