1,800 ரூபாயும் இரண்டு கையெழுத்தும்

எங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போடுகிறேன். குறைத்ததில் ஒன்று, மே மாத வெயிலில் வராந்தாவில் நிற்க வைத்ததற்கு. இன்னொன்றுக்குக் காரணம் அப்புறம்.

நான் பி.எஸ்சி. கணிதம். 2018இல் பட்டத்தைப் பதிவு செய்தேன், 2021இல் மறக்காமல் புதுப்பித்தேன். ஒரு இன்டர்வியூ கார்டு வந்ததில்லை. அம்மா சுற்றும் பீடியில்தான் வீடு ஓடுகிறது. பதிந்து ஐந்து வருடம் முடிந்தால் தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று ஜெராக்ஸ் கடை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் இலவசம். கொடுத்த அக்கா பொறுமைசாலி. "ரெகுலர் காலேஜில் படிக்கிறாயாம்மா?" என்று கேட்டார். தபாலில் எம்.எஸ்சி. படிப்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அஞ்சல் வழி என்றால் பரவாயில்லையாம். பணம் வாங்கினால் பதிவு போய்விடுமோ என்ற பயத்தையும் அவரே தீர்த்தார். போகாது.

அலைச்சல் வருமானத்தில்தான். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000க்கு மேல் போகக் கூடாது. மாதம் 6,000. இன்றைக்கு யார் வீடு அதில் ஓடும் என்று கேட்காதீர்கள், எங்கள் வீடு ஓடுகிறது. அதை உறுதிப்படுத்தி வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போன மூன்று நாளும் ஒருவர் இருந்தால் இன்னொருவர் இல்லை. பஸ்ஸுக்கே நூறு ரூபாய்க்கு மேல் போயிற்று.

கிடைப்பது பட்டதாரிக்கு மாதம் 600. பிளஸ் டூவுக்கு 400, பத்தாவது தேறியவருக்கு 300, தவறியவருக்கு 200. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். மூன்று வருடம்தான், அதிலும் வருடா வருடம் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். 40 வயதுக்கு மேல் கிடையாது, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஒரு வருடம் போதும், வருமான வரம்பும் இல்லை. அவர்களில் பட்டதாரிக்கு 1,000 ரூபாய், பத்து வருடம் வரை.

இப்போது அந்த இரண்டாவது நட்சத்திரம். இதில் ஒரு வரியாவது சுவரில் ஒட்டியிருக்கக் கூடாதா? எனக்கு முன்னால் நின்ற தம்பி பி.இ. இரண்டு மணி நேரம் நின்றபின், தொழிற்படிப்புக்காரர்களுக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னால் நின்றவர் மில்லில் ஆள் குறைத்ததில் வேலை போனவர். இது வேலை போனவர்களுக்கான பணம் இல்லை, பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கானது. அவர் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் அடல் பெயரில் ஒரு திட்டம் உண்டு, வேலை போனவருக்கு 90 நாள் வரை கொடுப்பது. அங்கே போகச் சொல்ல ஆளில்லாமல் அவரும் வெயிலில் நின்றார்.

எனக்கு முதல் 1,800 வந்துவிட்டது. அம்மாவின் கண்ணாடிக்குப் பாதி போனது, மீதி எம்.எஸ்சி. தேர்வுக் கட்டணம். நீங்கள் போவதாக இருந்தால் காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களும் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும், குடையும்தான்.