படிப்பை நிறுத்தி வைக்கலாமா? டர்பன் மாணவர்களுக்குக் கிடைக்கும் பதற்ற உதவிச் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பதற்றத்தால் வர்சிட்டியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு டர்பனில் நான்கு வகை உதவி கிடைக்கிறது: இலவச உதவி லைன், பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவு, அரசு கிளினிக், தனியார் சைக்காலஜிஸ்ட். முதலில் போக வேண்டியது ஆலோசனைப் பிரிவுக்கு. ஃபேகல்ட்டி ஆபீஸில் விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது கடைசி வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஆலோசனைப் பிரிவு பதிவு செய்த மாணவர்களுக்கானது. பதிவை ரத்து செய்தபின் கதவைத் தட்டினால், கையில் இருந்த இலவசச் சிகிச்சையும் போயிருக்கலாம்.

ஹையர் ஹெல்த் மாணவர் உதவி லைனின் எண் 0800 36 36 36. 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, 43336க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும் போதும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவான சாடாகின் 0800 567 567 எண்ணுக்கு உடனே அழையுங்கள். படிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. இரவு இரண்டு மணிக்கு ரெஸ் (மாணவர் விடுதி) அறையில் மூச்சு முட்டும்போது இந்த லைன்கள் மிகவும் உதவும். ஆனால் சான்றிதழ் தர அவர்களால் முடியாது, உங்கள் மாட்யூல் (பாட அலகு) விதிகளும் அவர்களுக்குத் தெரியாது. அந்த ராத்திரியைத் தாண்ட அழையுங்கள், முடிவெடுக்க அல்ல. தமிழில் பேசுவார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஆயாவோ தாத்தாவோ பேச விரும்பினால் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லித் தாருங்கள்.

மாணவர் ஆலோசனைப் பிரிவு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. கட்டணம் இல்லை. 18 வயது முடிந்தவர் பேசுவது அவர் அனுமதியின்றி வீட்டுக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. நம்ம டர்பன் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒருவர் விஷயம் அடுத்த தெரு ஆன்ட்டிக்குத் தெரியாமல் இருப்பதே அரிது என்பதால், பிள்ளைகள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். அந்தப் பயம் இங்கே வேண்டாம்.

இந்தச் சேவையின் குறை, அது குறுகிய காலத்துக்கானது என்பதே. சில அமர்வுகளுக்குப் பிறகு வெளியே அனுப்புவார்கள். ஜூன், நவம்பர் தேர்வுகளுக்கு முந்திய மே, அக்டோபர் மாதங்களில் கூட்டம் அதிகமாகும். இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாதது: ஆலோசகர் தான் பார்த்ததைப் பற்றித்தான் எழுதித் தர முடியும். மார்ச்சில் வகுப்புக்கே போகாதவர் ஜூன் தேர்வுக்கு முந்தின நாள் வந்து, மார்ச் முதல் எனக்கு இப்படி என்று கடிதம் கேட்டால் கிடைக்காது. அறிகுறி தொடங்கிய வாரமே ஒரு தடவை போய்ப் பதிவு செய்துகொண்டால் பிறகு எழுதப்படும் எந்தக் கடிதத்துக்கும் அது ஆதாரம். முதல் அமர்வுக்கு மூன்று விவரம் கொண்டு போங்கள்: கடந்த இரண்டு வாரத் தூக்க நேரம், தவறவிட்ட வகுப்புகளின் பட்டியல், ஒவ்வொரு மாட்யூலின் டி.பி. நிபந்தனை. டி.பி. கிடைக்காவிட்டால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள் என்பதால், முடிவின் அவசரம் எவ்வளவு என்பதை அந்த மூன்றாவது விவரம்தான் காட்டும்.

மருந்து வேண்டும் என்றால் ஆலோசகரோ சைக்காலஜிஸ்டோ எழுத முடியாது; டாக்டரிடம்தான் போக வேண்டும். அரசு கிளினிக்கிலேயே ஃப்ளூவாக்செட்டின், சிட்டலோப்ராம் போன்றவற்றைத் தொடங்கலாம், சிக்கலானால் ஆர்.கே. கான் போன்ற அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கிளினிக்கில் காத்திருப்பு நீளம், காலையிலேயே போய்விடுங்கள். இந்த மருந்துகள் சரியாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள் பதற்றம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. இரண்டாவது வாரத்தில் பலன் இல்லை என்று நிறுத்திவிட்டு, அதே வாரத்தில் படிப்பையும் நிறுத்துகிறவர்கள் மருந்துக்கு வாய்ப்பே தரவில்லை. 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். காவடி விரதமோ புரட்டாசியோ, மாத்திரையைத் தானாக விடக்கூடாது. வெறும் வயிற்றில் குமட்டினால் மாலைச் சாப்பாட்டோடு எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தனியார் சைக்காலஜிஸ்ட் என்றால் அவர் எச்.பி.சி.எஸ்.ஏ. (மருத்துவத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க கவுன்சில்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எல்லாவற்றையும் கட்டும் என்று நம்ப வேண்டாம். கட்டாயம் ஈடுகட்ட வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் பொதுவான பதற்ற நோய் இல்லை, எனவே பணம் பெரும்பாலும் அந்தத் திட்டத்தில் உங்கள் பெயரில் இருக்கும் சேவிங்ஸிலிருந்துதான் போகும்.

இனி விடுப்பு என்ற சேவையைப் பார்ப்போம். இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும்.

கையெழுத்துப் போட்ட முதல் வாரம் பெரிய நிம்மதி. பதற்றத்தின் இயல்பே அது: பயந்த இடத்துக்குப் போகாவிட்டால் உடனே அடங்கும், அடங்கியதால் போகாதது நல்லது என்று மனம் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை அதே வகுப்பு வாசல் இன்னும் கடினமாகும். சிகிச்சை இல்லாமல் வீட்டில் இருக்கும் விடுப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, அறையை விட்டு வெளியே வர முடியவில்லை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறது, மருந்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் விடுப்பு சரியான முடிவு. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். ஒரு பிரசன்டேஷனோ ஒரு லெக்சரரோ ஒரு ரெஸ் அறைத் தோழரோதான் பிரச்சினை என்றால் வருடத்தையே விட வேண்டியதில்லை.

நடுவில் சின்னப் படிகள் உண்டு. தேர்வில் கூடுதல் நேரமும் தனி அறையும் கேட்கலாம். தேர்வு நாளில் முடியாமல் போனால் மருத்துவச் சான்றோடு சிறப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கெடு சில நாள்தான். ஒரு மாட்யூலை மட்டும் கைவிடலாம். குவாசுலு-நட்டாலில் பெரும்பாலான மாட்யூல்கள் 16 கிரெடிட், வழக்கமான வருடச் சுமை 128. செமஸ்டருக்கு நான்கில் ஒன்றை விட்டால் 48 இருக்கும். பர்சரி (படிப்பு உதவித்தொகை) கேட்கும் குறைந்தபட்சம் அதற்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) நிறங்களில் மாணவர் நிலையைக் குறிக்கும் முறையும் உண்டு: பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. ஆரஞ்சில் இருக்கும்போதே அகடமிக் அட்வைசரைப் பார்ப்பவருக்கு வழிகள் நிறைய; சிவப்பு வந்தபின் குறைவு.

முழு விடுப்புத்தான் என்று தீர்மானித்தால், நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் மாட்யூல் பல நேரம் முதல் செமஸ்டரில் மட்டுமே நடக்கும், அடுத்த மாட்யூலுக்கு அது முன்நிபந்தனையாகவும் இருக்கும். ஏப்ரலில் விலகி ஜூலையில் வந்துவிடலாம் என்று நினைப்பவருக்கு எடுக்க மாட்யூலே இல்லாமல், அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்க நேரும். கட்டணத்துக்கும் தேதி உண்டு: எவ்வளவு சீக்கிரம் ரத்து செய்கிறீர்களோ அவ்வளவு திரும்பக் கிடைக்கும், கெடு தாண்டினால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில்.

என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவியில் படிப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். படிப்புக் காலத்தோடு ஒரு வருடம் கூடுதலாகத்தான் பணம் வரும். மூன்று வருட டிகிரிக்கு நான்கு. பதிவு செய்து நடுவில் விலகிய வருடம் அந்த நான்கில் எண்ணப்படுமா என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். கவுன்டரில் வாயால் சொன்னது அடுத்த வருடம் செல்லாது. அதே ஈமெயிலில் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: ரெஸ் அறையை எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும், திரும்பி வர மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா, விடுப்பில் ஆலோசனைப் பிரிவு தொடருமா. அப்பாவின் மெடிக்கல் எய்டில் 21 வயது தாண்டிய மாணவராக இருந்தால், படிக்கிறார் என்ற சான்று இல்லாத வருடத்தில் பிரீமியம் ஏறுமா என்று ஸ்கீமையும் கேளுங்கள்.

வீட்டில் சொல்லும்போது தேதியோடு சொல்லுங்கள். "அப்பா, நான் படிப்ப விடல. டாக்டர் லெட்டர் இருக்கு, பிப்ரவரில திரும்பப் போறேன், அதுவரைக்கும் வாரம் ஒருநாள் தெரபி." இப்படிச் சொன்னால் பேச்சு அடுத்த படிக்கு நகரும். ஆயா திருஷ்டி சுத்திப் போட்டால் போடட்டும். அதனால் சிகிச்சைக்கு ஒன்றும் குறையாது.

திரும்பும் தேதி இல்லாத விடுப்பு நீண்டுகொண்டே போகும். பிப்ரவரியில் திரும்புபவர் முதல் செமஸ்டருக்கு மூன்று மாட்யூல் எடுக்க முடியுமா என்று பர்சரியிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வகுப்பு தொடங்க இரண்டு வாரம் முன்பிருந்தே கேம்பஸுக்குப் போய் வாருங்கள்: முதலில் கூட்டமில்லாத காலையில் லைப்ரரியில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி, பிறகு கூட்டம் இருக்கும் மதியத்தில், கடைசியாக வகுப்பு நடக்கும் அதே ஹாலில். பதற்றம் ஏறும்போது எழுந்து ஓடாமல், அது கொஞ்சம் இறங்கும் வரை உட்கார்ந்திருங்கள். ஏறும்போதே கிளம்பினால் அன்றைய பயிற்சியின் பலன் போய்விடும். ஆலோசனைப் பிரிவில் முதல் வாரத்துக்கான நேரத்தை, பதிவு முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள்.