ஏசி சர்வீஸ் என்று வந்தவனிடம் 7,150 ரூபாய் ஏமாந்தேன்: மதுரைக்காரர்கள் கவனியுங்கள்

நேற்று இரவு முழுவதும் தூங்கவில்லை. பாதி புழுக்கம், பாதி ஆத்திரம். போன சனிக்கிழமை விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு ஏசி சர்வீஸ் செய்ய வந்த ஒருவன், ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் கெடுத்து வைத்துவிட்டு, என் கையாலேயே 7,150 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டு வேலைகளுக்குக் கைபேசிச் செயலியில் ஆள் பதிவு செய்கிறோமே, அந்த வகை நிறுவனம் ஒன்றுதான் அவனை அனுப்பியது. புகார் கொடுத்திருக்கிறேன், ஆகவே பெயரை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். வெயில் ஏறிவிட்டது, இந்த வாரம் எத்தனை வீட்டில் இதே ஆளைக் கூப்பிடப் போகிறார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் ஏசி 2020-இல் தூத்துக்குடியில் இருந்தபோது வாங்கியது. ஒன்றரை டன், உள்ளே குளிர்விக்கச் சுற்றுவது ஆர் 32 என்ற கேஸ். 2023-இல் மதுரைக்குக் குடிவந்தபோது கழற்றி எடுத்து வந்து மாட்டினோம். கணவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அத்தைக்கு 82 வயது. கத்திரி தொடங்கினால் அவருக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, இரவில் ஏசி இல்லாமல் கண்மூட முடியாது. உள்யூனிட்டிலிருந்து சுவரோரம் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. குளிர்ச்சியும் முன்போல் இல்லை. செயலியில் 499 ரூபாய் சர்வீஸ் பதிவு செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டான்.

வந்தவன் முரடனாக இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டான். கட்டிலில் படுத்திருந்த அத்தையைப் பார்த்து, "பாட்டி, கொஞ்சம் தூசி பறக்கும், அந்த அறையில் உட்காருங்கள்" என்று கையைப் பிடித்து எழுப்பி உட்காரவைத்தான். கட்டிலின் மேல் பழைய போர்வையைத் தானே விரித்தான். முப்பது வயதிருக்கும். என் தம்பி மகனைப் போல இருக்கிறானே என்றுதான் நினைத்தேன். மோர் கொடுத்தேன், குடித்தான்.

பிறகு கேட்டான்: "இந்த ஏசி எங்கே வாங்கியது அம்மா?" தூத்துக்குடி என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

உடனே வெளியூனிட்டின் முன் குந்தி உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்து, "உப்புக் காற்று தின்ற ஏசி அம்மா இது" என்றான். காயிலில், அதாவது வெளியூனிட்டில் சூட்டை வெளியே தள்ளும் பாகத்தில், செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டிக்கொண்டிருக்கும், உப்பும் ஈரமும் சேர்ந்து நடுவில் படிந்தால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும், அப்புறம் குழாயில் ஊசித்துளை விழுந்து கேஸ் கசியும் என்று விளக்கினான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தூத்துக்குடியில் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வெளியூனிட் மொட்டைமாடியில் கடலைப் பார்த்தபடி இருந்தது. நான்கு வருடத்தில் அதன் தகடுகள் தொட்டால் உதிர்ந்தன, இரும்புக் கூடு பொரிந்துபோய் நின்றது. அங்கே எங்களுக்குச் சர்வீஸ் செய்த பெரியவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து வெளியூனிட்டை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுவார். உப்பைத் தங்கவிடாமல் கழுவுவதுதான் வைத்தியம், வேறு மருந்து கிடையாது என்பார். உப்புத் தாங்கும் பூச்சு வேண்டுமானால் கம்பெனியிலேயே பூசி வந்திருக்க வேண்டும், உப்புப் படிந்த பிறகு மேலே பூசி என்ன பயன் என்றும் சொல்வார். இத்தனையும் தெரிந்த நான், இவன் உண்மையைச் சொல்கிறானே என்று தலையாட்டினேன். அதே வாயால் அடுத்துப் பொய் சொல்வான் என்று தோன்றவே இல்லை.

"ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவாருங்கள் அம்மா" என்றான். கொண்டுவந்தபோது கேஸின் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டியிருந்தான், கையில் ஆலன் கீ, அந்த ஆறு பட்டைச் சாவி, இருந்தது. ஊசி 40-இல் நின்றது. "பாருங்கள், 120-க்கு மேல் இருக்கவேண்டியது. கேஸ் இல்லை. இப்படியே ஓட்டினால் கம்ப்ரஸர் போய்விடும், அது பதினைந்தாயிரம்." எனக்குக் கை நடுங்கியது. ஊசியைக் காட்டுகிறானே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கேஸ் நிரப்ப 3,400. உப்பு இனிமேல் பிடிக்காமல் இருக்கக் காயிலுக்குக் கோட்டிங் 2,800. மோட்டார் ஓட உதவும் கெப்பாசிட்டர் பலவீனமாக இருக்கிறது, மாற்ற 950. மொத்தம் 7,150. வீங்கிய கெப்பாசிட்டர் ஒன்றைக் கையில் வைத்துக் காட்டினான். செயலியில் போட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேரும், என் எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள், உங்களுக்குத்தான் மிச்சம் என்றான். சீட்டுக் கட்ட வைத்திருந்த பணம். அனுப்பினேன். வேலை முடிந்ததற்கான ஓ.டி.பி. எண்ணையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டான், "நெட் கிடைக்காது அம்மா, இப்போதே போட்டுவிடுகிறேன்" என்று. கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. காயில் வெள்ளிபோல் பளபளத்தது. அறை குளிர்ந்தது. வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை இரவு வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் முன்னைவிட அதிகமாகச் சொட்டியது. அத்தை விடியும்வரை விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை காலை அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். "ஒத்தக்கடையில் இருக்கிறேன் அம்மா, மதியம் வருகிறேன்." மதியம் கூப்பிட்டால் திருமங்கலத்தில் இருக்கிறானாம். மாலையில் மணி அடித்து அடித்து நின்றது. இரவு பக்கத்து வீட்டுத் தம்பியின் எண்ணிலிருந்து கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தான். என் குரலைக் கேட்டதும் துண்டித்தான். ஓ, வேலை செய்கிறதே உன் கைபேசி!

செயலியின் வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். "உங்கள் வேலை முழுமையாக முடிந்ததாக ஓ.டி.பி. பதிவாகியிருக்கிறது மேடம்." முடிவதற்கு முன்பே வாங்கிவிட்டான் என்றேன். "499 ரூபாய்க்கு மட்டுமே எங்களிடம் கணக்கு இருக்கிறது மேடம்." மீதி 7,150? "செயலிக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது." அனுப்பியது நீங்கள்தானே அம்மா, உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதானே வந்தான் என்றேன். "அவர் எங்கள் ஊழியர் இல்லை மேடம், பங்குதாரர்." மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். 48 மணி நேரத்தில் கூப்பிடுவார்கள் என்றார். இருபது மணி நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது, புகார் தீர்க்கப்பட்டது என்று. எது தீர்ந்தது? என் 7,150 ரூபாய் எங்கே? மறுபடி புகார் எழுதினேன், அதே பதில் எழுத்து மாறாமல் வந்தது. மூன்றாவது முறை 100 ரூபாய்க்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேற்று, தெருவில் இருவர் சொல்லி, கூடல்நகரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். வந்ததும் கேஜை எடுக்கவில்லை. முதலில் உள்யூனிட்டின் ஃபில்டரைக் கழற்றினார். தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. 499 ரூபாய் வாங்கியவன் அதைத் தொடவே இல்லை! தண்ணீர் வெளியேறும் குழாயை ஊதினார், கொழகொழவென்று பாசி வந்து விழுந்தது. தண்ணீர் சொட்டியதற்கு இவ்வளவுதான் காரணம். குளிர்ச்சி குறைந்ததற்கு ஃபில்டர்தான் காரணம்.

பிறகு வெளியூனிட்டைத் திறந்தார். கெப்பாசிட்டர் மாற்றப்படவே இல்லை. அதன் மேலும் ஒயர் முனைகளின் மேலும் வருடக்கணக்கான தூசி கலையாமல் படிந்திருந்தது. வீங்கிய கெப்பாசிட்டரை அவன் தன் பையிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். கோட்டிங் என்று அடித்தது கடையில் விற்கும் வெள்ளி நிற ஸ்ப்ரே பெயிண்ட். தகடுகளுக்கு நடுவில் அது கட்டியாக உறைந்து காற்றுப் போகும் வழியையே அடைத்திருக்கிறது. தகடுகளில் உப்பரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "கீழ் ஓரத்தில் கொஞ்சம் அரித்திருக்கிறது தங்கச்சி, அது பழைய கதை. மதுரையில் உப்பு எங்கிருந்து வரும்? இங்கே புழுதிதான். கழுவினால் போதும்" என்றார்.

கேஜில் ஊசி 40 காட்டியதே என்றேன். அந்த ஆலன் கீ எதற்கு என்பதை அப்போதுதான் சொன்னார். மெஷின் ஓடும்போது சின்னக் குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடினால், கேஸ் வெளியூனிட்டிலேயே தங்கிவிடும், கேஜ் மாட்டியிருக்கும் பெரிய குழாயில் அழுத்தம் தானாக இறங்கும். திறந்தால் ஏறிவிடும். ஏசியை இடம் மாற்றும்போது கேஸைச் சேமிக்கச் செய்யும் சரியான வேலைதான் அது. அதை வைத்து என்னைப் பயமுறுத்தியிருக்கிறான். நான் வாளி எடுக்கப் போன அந்த இரண்டு நிமிடத்தில்!

கடைசியில் சோப்பு நுரை போட்டுப் பார்த்தார். கேஜ் மாட்டிய இடத்துக்குள் கேஸை அடைத்து நிற்கும் 'பின்' என்ற சின்ன வால்வு முள்ளில் குமிழி வந்தது. அதன் பித்தளை மூடியை அவன் திரும்பப் போடவில்லை. என் ஏசியில் இருந்த கேஸ் அந்த வழியாகத்தான் கசிந்து போயிருக்கிறது. ஆர் 32 கொஞ்சம் தீப்பிடிக்கும் தன்மையுள்ள கேஸ் வேறு. நாளைக்கு அந்த அண்ணன் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப்பும் தராசும் கொண்டுவந்து அந்தப் பின்னை மாற்றி, கேஸை எடை போட்டு நிரப்புகிறேன் என்றிருக்கிறார். அதற்குத் தனியாக 3,000 ரூபாய் ஆகும். அவரிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. போன 7,150 போனதுதானா?

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பிய ரசீதைத் தவிர என்னிடம் பில் இல்லை, அதுதான் பலவீனம். அவனிடம் பில் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

யாரிடம் எப்படிச் சர்வீஸ் கேட்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்: ஏசி கேஸ் பெட்ரோல்போல் தீர்ந்துபோகாது, மூடிய குழாய்க்குள் சுற்றுவது, கசிந்தால்தான் குறையும். கேஸ் இல்லை என்று ஒருவன் சொன்னால் எங்கே கசிகிறது என்று சோப்பு நுரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெளியூனிட்டின் ஸ்டிக்கரில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், தராசு இல்லாமல் நிரப்ப விடாதீர்கள். வேலை நடக்கும்போது வாளி, துணி, நாற்காலி எதற்கும் நகராதீர்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தை உங்கள் ஏசியிலிருந்து கழற்றும்போதே பாருங்கள். ஓ.டி.பி. கடைசியில்தான். தனி எண்ணுக்குப் பணம் வேண்டவே வேண்டாம். ஃபில்டரை வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் குழாயில் கழுவிக் காயவைத்து மாட்டலாம், ஆளே தேவையில்லை. தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கம் உறவினர் இருந்தால், வெளியூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், மேலே பூச ஒருவன் வந்தால் விரட்டுங்கள்.

விளாங்குடி, ஆனையூர், கூடல்நகர் பக்கம் இந்த வாரம் "உப்புக் காற்று" என்று பேசி யாராவது பணம் வாங்கியிருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். எனக்கு 7,150, உங்களுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.