மூன்று ஆண்டுகள், 60 டிகிரி: நிலைநிறுத்திய லிப்பேஸ் மணிகளுடன் என் அனுபவம்

முகப்பூச்சுக் களிம்புகளில் சேரும் மிரிஸ்டைல் மிரிஸ்டேட் என்ற மெழுகு எஸ்டரை (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம்) தயாரிப்பதற்கு, அக்ரிலிக் ரெசின் மணிகளில் ஒட்டவைத்து நிலைநிறுத்திய லிப்பேஸ் என்ற நொதியை எங்கள் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வழக்கமான வேதிமுறையில் இதை 180 டிகிரி செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் நிறமும் மணமும் கெடுவதால் சுத்திகரிப்பு வேலை கூடிவிடுகிறது. நொதிமுறைக்கு 60 டிகிரி போதும். அதைவிட அதிகம் குறைக்கவும் இயலாது, ஏனெனில் மூலப்பொருளான மிரிஸ்டிக் அமிலம் உருகுவதே ஏறத்தாழ 54 டிகிரியில்தான். கரைப்பான் சேர்க்காமல் வேலை செய்ய வேண்டுமானால், நாள் முழுவதும் அந்தச் சூட்டைத் தாங்கும் நொதி வேண்டும்.

நான் பயன்படுத்துவது கேண்டிடா அன்டார்க்டிகா ஈஸ்ட்டின் லிப்பேஸ் பி. பனிக்கண்டத்தின் வாண்டா ஏரியில் கண்டெடுத்த உயிரியின் நொதி, நீர் குறைந்த ஊடகத்தில் 60 டிகிரியில் சலிக்காமல் உழைப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இந்த மூன்று ஆண்டுகளில் சூட்டினால் மட்டும் ஒரு தொகுதி மணிகளைக்கூட நான் இழந்ததில்லை. இழந்ததெல்லாம் கையாண்ட விதத்தினால்தான்.

முதல் இழப்பு காந்தக் கலக்கியால் வந்தது. குடுவையின் அடியில் சுழலும் காந்தத் துண்டு, அம்மிக்கல் போல மணிகளை அரைத்துவிட்டது. அதே மணிகளை நான்காவது சுற்றாகப் பயன்படுத்தியபோது வடிதாள் அடைத்துக்கொண்டது. எஸ்டரும் கலங்கலாக இறங்கியது. இப்போது, வெற்றிடத்தில் குடுவையைச் சுழற்றிச் சூடாக்கும் சுழல் ஆவியாக்கியின் குடுவையையே வினைகலனாகப் பயன்படுத்துகிறேன். குடுவை மெல்லச் சுழல்வதால் மணிகள் உடைவதில்லை. வினையில் உண்டாகும் நீரை வெற்றிடம் அவ்வப்போது இழுத்துவிடுவதால், வினை பின்னோக்கித் திரும்புவதும் மணிகள் ஈரமாகி ஒட்டிக்கொள்வதும் நின்றுவிட்டன.

இரண்டாவது இழப்பு என் அவசரத்தால் நேர்ந்தது. மணிகளில் படிந்த மெழுகைப் போக்கச் சோப்புக் கரைசலில் கழுவினேன். இந்த நொதி ரெசினோடு வேதிப்பிணைப்பால் கட்டப்படவில்லை, பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பதை அறிந்திருந்தும் அப்படிச் செய்தேன். கழுவிய நீரோடு நொதியும் கழன்றுபோய், கையில் வெறும் ரெசின் மிஞ்சியது. விலை உயர்ந்த அந்தத் தொகுதியைக் கொட்டியது இன்னும் மனத்தை உறுத்துகிறது. இப்போது எஸ்டர் உறைவதற்கு முன் சூடாகவே வடித்து, வெதுவெதுப்பான மூவிணைய பியூட்டனால் என்ற கரைப்பானில் இருமுறை அலசி, உலர்த்தி, குளிர்பெட்டியில் வைக்கிறேன்.

மணிகளின் மறுபயன்பாட்டை அளப்பதில் நான் நெடுநாள் ஏமாந்திருந்தேன். எட்டு மணி நேர முடிவில் அமில எண்ணை, அதாவது மீந்திருக்கும் அமிலத்தின் அளவைப் பார்த்து, ஒவ்வொரு சுற்றிலும் அமிலம் எஸ்டராக மாறுவது ஒரே அளவில் இருப்பதாக மகிழ்ந்தேன். ஆனால் நொதியின் திறனில் பாதி போயிருந்தாலும், நேரம் தாராளமாக இருந்தால் வினை அதே முடிவைத்தான் எட்டும். எனவே இப்போது முதல் அரைமணி நேரத்திலேயே மாதிரி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கிறேன். நிறங்காட்டியான பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாற, முந்தைய சுற்றுகளைவிடக் கூடுதல் காரம் தேவைப்பட்டால், அமிலம் மெதுவாகவே குறைகிறது, மணிகள் தளர்கின்றன என்று பொருள். எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று கேட்பவர்களிடம் எட்டாம் மணி நேரக் கணக்கை நான் காட்டுவதில்லை. இந்த அரைமணிக் கணக்கையே காட்டுகிறேன்.