பெருங்குடல் புண்ணோடு ஏழு வருஷம்: எதற்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் வரும் நோய். 2018 இல் கோயம்புத்தூரில் கொலனோஸ்கோபி செய்து சொன்னார்கள். ஊர் கொழிஞ்சாம்பாறை; கேரளம்தான் என்றாலும் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். ஆயுர்வேதக் கடைக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. அதனால் இந்த நோய்க்கு டாக்டர் தரும் மெசலமைன் மாத்திரையோடு நாட்டு மருந்தும் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் உடம்பு நன்றாக இருந்தது. இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டு, "குடல் சுத்தம்" என்று விற்ற ஒரு பொடியைச் சாப்பிட்டேன். அதில் நிலாவாகை இருந்தது. அது பேதி மருந்து. புண்ணான குடலை மேலும் கிளறிவிடும். பன்னிரண்டாம் நாள் ரத்தம். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. இரண்டு மாசம் ஸ்டீராய்டு எடுத்த பிறகுதான் அடங்கியது. அப்போது நான் போய் நின்ற வயசான வைத்தியர், "ரத்தம் போனா எங்கிட்ட வராதே, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அந்த நேர்மைக்காகவே இன்றும் அவரிடம் போகிறேன்.

அவர் கொடுத்தது குடசாரிஷ்டம். குடசப்பாலைப் பட்டை, உலர்திராட்சை, வெல்லம் எல்லாம் சேர்த்துப் புளிக்க வைத்தது. வயிற்றுக் கடுப்பும் அவசரமும் குறைந்தன. ரத்தம் இதற்குக் கேட்கவில்லை. புளிக்கும்போது அதில் ஆல்கஹால் ஊறும் என்பதால், ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

மஞ்சள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2006 இல் ஜப்பானில் நடந்த ஆய்வில், வழக்கமான மாத்திரையோடு தினம் 2 கிராம் குர்குமின் (மஞ்சளில் உள்ள சத்து) எடுத்த 43 பேரில் இரண்டு பேருக்குத்தான் ஆறு மாசத்தில் நோய் திரும்பியது. குர்குமினுக்குப் பதிலாக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் எட்டுப் பேருக்கு. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ரசத்தில் ஒரு சிட்டிகை அதிகமாகப் போட்டால் அந்த அளவு வராது. நான் டாக்டரிடம் சொல்லி கேப்சூலாக எடுக்கிறேன். மிளகுச் சத்து சேர்த்த கேப்சூலால் சிலருக்கு ஈரல் கெட்டிருப்பதால், அது சேராததாகப் பார்த்து வாங்குகிறேன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஈரல் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

இசப்கோல் எனக்கு நல்ல துணை. அந்த நாரைக் குடல் கிருமிகள் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களுக்குச் சாப்பாடு. நோய் அடங்கியிருக்கும்போது ராத்திரி ஒரு ஸ்பூன், இரண்டு டம்ளர் தண்ணீரோடு. புண் கிளம்பிய நாளில் தொட்டால் வயிறு கல்லாக உப்பிவிடுகிறது.

மற்றபடி பச்சை மிளகாய் போடாத சம்பாரம் (நீர்மோர்), சீரகத் தண்ணீர். இவை நோயைத் தீர்க்காது, ஆனால் சாப்பிட்டதும் வரும் பொருமலுக்கு இதைவிட இதமானது எனக்குக் கிடைக்கவில்லை. மெசலமைன் மாத்திரையை, அன்று பட்ட அடிக்கப்புறம் ஒரு நாளும் விடவில்லை. மூன்று வருஷமாக மட்டை அரிசிச் (கேரளச் சிவப்புப் புழுங்கலரிசி) சோறே சாப்பிடுகிறேன். வயிறு முணுமுணுத்தால் மட்டும் பச்சரிசிக் கஞ்சி.