குற்ற உணர்வைத் தணிக்க அலேயா, அஸ்வேஜா?

ஒரு சிறுகதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரே வாக்கியத்தில் அரை நாள் போயிற்று. உயிரோடு இருந்தவரை அம்மாவை எட்டிப் பார்க்காத மகன், அவள் போன பிறகு ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் அனுப்பித் தன் குற்ற உணர்வைத் தணித்துக்கொள்கிறான். அந்தத் 'தணி'க்கு முதலில் 'அலே' (allay) போட்டேன். கடைசியில் நின்றது 'அஸ்வேஜ்' (assuage).

'சூத்' (soothe) அழுகிற குழந்தைக்கும் எரிகிற தொண்டைக்கும் சரி. 'அலீவியேட்' (alleviate) வலி, வறுமை மாதிரி சுமைகளுக்கு. இரண்டையும் உடனே தள்ளிவிட்டேன்.

'அலே' அவ்வளவு லேசில் போகவில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் 'கீழே வைத்துவிடு' என்று பொருள். அச்சம், சந்தேகம், கவலை எல்லாம் அதற்கு அடங்கும். ஆனால் அச்சம் விளக்கம் சொன்னால் போகும். குற்ற உணர்வு போகுமா? எதையாவது கொடுத்துத்தான் ஆற்ற வேண்டும். 'அஸ்வேஜ்' லத்தீனில் இனிமையைக் குறிக்கும் 'சுவாவிஸ்' வழியில் வந்தது. கசப்பில் கொஞ்சம் இனிப்பு. கசப்பு முழுசாகப் போய்விடாது. அந்த மகனும் அப்படித்தான்.

என்னை முடிவு பண்ண வைத்தது வேறொன்று: செயப்படுபொருள். தமிழில் பசியைத் தணிப்போம், தாகத்தை, கோபத்தைத் தணிப்போம். 'அப்பாவைத் தணித்தேன்' என்று யாராவது சொல்வோமா? அப்பாவின் கோபத்தைத்தான் தணிப்போம், அப்பாவைச் சமாதானப்படுத்துவோம். அஸ்வேஜும் அச்சாக இதே வழிதான்; பசி, தாகம், கோபம் மூன்றையும் ஏற்கும், ஆளைப் பெரும்பாலும் ஏற்காது. ஆளைச் சொல்ல 'மாலிஃபை' (mollify), 'பிளக்கேட்' (placate) இருக்கின்றன. 'அப்பீஸ்' (appease) கூட வரும், ஆனால் பிரிட்டனும் பிரான்சும் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் பயந்து விட்டுக்கொடுத்த வாடை ஒட்டிக்கொண்டது. மேலதிகாரியை அப்பீஸ் செய்தேன் என்று எழுதினால் மானம் போவது நமக்குத்தான்.

அஸ்வேஜ் எழுத்துச் சொல், பேச்சில் துருத்தும். 'மசாஜ்' நினைப்பில் 'அஸ்வாஜ்' என்றே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது 'வேஜ்'. துக்கத்துக்கும் வரும் என்கின்றன அகராதிகள். நான் அப்படிப் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதே கதையில் மூன்று பக்கம் தள்ளி, ஒரு மருத்துவர் மருமகளின் பயத்தைப் போக்குகிறார். அங்கே 'அலே'யை விட்டுவைத்தேன்.